ஆஃபீஸ் பார்ட்டியில் குடிக்காமல் சமாளிப்பது எப்படி? இரண்டு நாள் வெளியூர் மீட்டிங் வேறு வருகிறது

சாம்பல்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. வீட்டில் பிரச்சினை இல்லை, பழைய செட்டோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன், டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறேன், தினமும் ஒரு மாத்திரை எடுக்கிறேன். எல்லாம் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கிறது, இடிப்பது ஆஃபீஸ் மட்டும்தான்.

எனக்கு விற்பனைப் பிரிவில் வேலை. எங்கள் டீமில் டார்கெட் முடிந்தால் பார்ட்டி, முடியாவிட்டால் ஆறுதலுக்கு ஒரு பார்ட்டி. போன வாரம் ஒருவர் வேலையை விட்டுப் போனார் என்று எல்லாரும் கூடினோம். நான் போய் உட்காருவதற்குள் மேனேஜர் மொத்த மேஜைக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரோடு பேசிவிட்டுத் திரும்பினால் என் முன்னால் ஒரு கிளாஸ். வெளியே முத்து முத்தாக வியர்த்து, அடியில் வைத்த டிஷ்யூ நனைந்து வட்டமாக மேஜையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது, ஐஸ் கரைந்து அதன் நிறம் வெளிறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே வந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது அடுத்த மாதம் வெளியூரில் மீட்டிங், இரண்டு ராத்திரி தங்க வேண்டும். முதல் நாள் கிளையன்ட்டோடு டின்னர், இரண்டாம் நாள் டீம் பார்ட்டி. ஒரு அறைக்கு இரண்டு பேர். என்னோடு தங்கப்போகிறவர் நல்ல மனுஷன்தான், ஆனால் பெட்டியில் துணியை வைக்கிறாரோ இல்லையோ பாட்டிலை வைத்துவிடுவார். போகாமல் இருக்கலாம் என்றால், எங்கள் இடத்தில் பெரிய முடிவெல்லாம் அந்த மாதிரி இடத்தில்தான் எடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, பதவி உயர்வு நேரம் வேறு.

என்ன காரணம் சொல்வது, மேனேஜரிடம் உண்மையைச் சொல்லலாமா, ஆல்கஹால் இல்லாத பீர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் ஒப்பேற்றிவிடலாமா, இதுதான் என் சந்தேகம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்மாடி:

தம்பி, முதலில் ஒன்று. அந்த கிளாஸைத் தொடாமல் எழுந்து வந்தீர்கள் பாருங்கள், அதுதான் சரி. சொல்லாமல் கிளம்பியதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது, விற்பனையில்தான் காலம் தள்ளினேன், அதனால் உங்கள் மேஜை எனக்கு நன்றாகவே தெரியும். காரணம் என்ன சொல்வது என்று தலையை உடைத்துக்கொள்கிறீர்கள். காரணமே சொல்லாதீர்கள் என்பது என் கட்சி. "ஆன்டிபயாடிக் எடுக்கிறேன்" என்பார்கள் சிலர். அது ஒரு வாரத்துக்குத்தான் வரும். அடுத்த பார்ட்டியில் "மாத்திரை முடிஞ்சுதா" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டே ஊற்றுவார்கள். கல்லீரல், சர்க்கரை, வேண்டுதல் என்று எதைச் சொன்னாலும் அதற்கு மாற்று மருந்து சொல்ல மேஜைக்கு ஒருத்தர் இருப்பார். "எனக்கு வேண்டாம், சோடா போதும்" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் எதிராளியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். "பையனுக்குக் காலேஜ் கிடைச்சுதா?" அவ்வளவுதான், அவர் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மனிதர்களுக்கு உங்கள் கிளாஸைவிடத் தங்கள் கதைமேல்தான் ஆர்வம்.

கை காலியாக இருக்கக் கூடாது. உள்ளே நுழைந்ததும் உட்காராமல் நேரே பாருக்குப் போய் நீங்களே ஒரு சோடாவில் எலுமிச்சை போட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் மேஜைக்குப் போங்கள். கிளாஸ் முக்கால்வாசி நிறைந்தே இருக்கட்டும், பாதிக்குக் கீழே போனால் யாராவது நிரப்ப வருவார்கள். கீழே வைத்துவிட்டு எங்காவது போய்வந்தால் அதை மறுபடி எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். விளையாட்டு என்று நினைத்து எதையாவது கலப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி யாரும் இல்லாவிட்டாலும் கிளாஸ் மாறிப்போவது சகஜம்.

பசியோடு போகாதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் இரண்டு சேர்ந்தாலே அன்றைக்கு உஷாராக இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆஃபீஸ் டூரில் சாயங்காலம் ஏழு மணிக்கு நாலும் சேர்ந்தே இருக்கும்! காலையிலிருந்து மீட்டிங், யாரோ ஒருவர் எல்லார் முன்னாலும் உங்கள் நம்பர்களைக் கிழித்திருப்பார், சாப்பாடு ஒன்பதுக்குத்தான் வரும். ஆகவே ஆறு மணிக்கே எதையாவது வயிற்றுக்குப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, கிளம்பும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். முதல் ஒரு மணி நேரம்தான் உருப்படியான பேச்சு. மூன்றாவது ரவுண்டுக்கு மேல் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், யார் எப்போது போனார்கள் என்று மறுநாள் ஒருத்தருக்கும் நினைவிருக்காது. சீக்கிரம் வாருங்கள், பார்க்க வேண்டியவர்களைப் பாருங்கள், குரல்கள் உயர ஆரம்பித்ததும் கிளம்புங்கள். வண்டி உங்களுடையதாக இருக்கட்டும், அடுத்தவர் காரில் போனால் அவர் கிளம்பும்வரை நீங்கள் கைதி.

கணக்கன்:

நான் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. எல்லாப் பார்ட்டிக்கும் போவேன், "வேண்டாம்" என்பேன், முடிந்தது. இதற்கு இத்தனை திட்டமா? மன உறுதி இருந்தால் போதுமே.

ராத்திரிட்யூட்டி:

கணக்கன் சார், உங்களுக்கு அது "வேண்டாம்" என்று ஒரு சொல். இவருக்கு அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க உடம்பும் மூளையும் பழைய கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் அந்தச் சத்தம், அந்த வாசனை, கிளாஸில் ஐஸ் விழும் ஒலி எல்லாவற்றோடும் குடியைச் சேர்த்துப் பழக்கிய மூளை அது, விட்டுச் சில மாதங்களில் மறந்துவிடாது. மன உறுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதை எந்த நேரத்தில் செலவழிப்பது என்பதற்குத்தான் திட்டம்.

நான் மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன், அதனால் மாத்திரை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சாம்பல்குருவி, நீங்கள் எந்த மாத்திரை என்று எழுதவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம், ஆனால் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டைசல்ஃபிராம் என்றால் கதை வேறு. ஆல்கஹால் உடம்பில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்று ஒன்று உண்டாகும், சாதாரணமாக உடம்பு அதை உடனே வெளியேற்றிவிடும். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி ஆஸ்பத்திரிவரை போகும். "இன்றைக்கு ஒரு நாள் மாத்திரை போடாமல் இருந்தால் போதும்" என்று யாராவது ஐடியா கொடுத்தால் நம்பாதீர்கள், கடைசி மாத்திரைக்குப் பிறகு 14 நாள் வரைக்கும்கூட அதன் வேலை இருக்கும். இன்னொரு விஷயம், இது கிளாஸில் வருவதோடு முடிவதில்லை. சாஸில் ஒயின், கேக்கில் ரம், சில இருமல் மருந்து, சில மவுத்வாஷ் எல்லாவற்றிலும் ஆல்கஹால் உண்டு. சமைத்தால் ஆவியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி கலந்து 15 நிமிடம் வேகவைத்தாலும் சுமார் 40 சதவீதம் தங்கிவிடுகிறது, இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் 5 சதவீதம் இருக்கிறது. மேலே ஊற்றித் தீ வைத்துக் காட்டுவார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே இருக்கும். ஆகவே ஹோட்டலில் ஆர்டர் எடுப்பவரிடம் "ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாது, எதிலாவது சேர்க்கிறீர்களா" என்று கேளுங்கள். அலர்ஜி கேட்பது மாதிரிதான், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

நால்ட்ரெக்சோன் என்றால் இந்த மாதிரி எதிர்வினை வராது, குடித்தால் கிடைக்கும் அந்தக் கிக்கைத்தான் அது குறைக்கிறது. ஆனால் டூரில் அடிபட்டு வலிக்கு ஊசி போட நேர்ந்தால், மார்ஃபின் வகை மருந்துகள் சரியாக வேலை செய்யாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதுவானாலும் டூருக்குத் தேவையான மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

ஆல்கஹால் இல்லாத பீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படிப் பெயர் போட்டு வருவதில் பல நாடுகளில் 0.5 சதவீதம்வரை இருக்கலாம், 0.0 என்று போட்டிருப்பது வேறு. டைசல்ஃபிராம் எடுப்பவர் முதல் வகையைத் தொடவே கூடாது. மற்றவர்களுக்கு அளவைவிட வேறொன்று முக்கியம். ஆலன் மார்லாட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1973இல் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக். ஆனால் உள்ளே இருப்பது ஒன்று, சொல்வது ஒன்று என்று கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். குடிநோயாளிகள் அதிகமாகக் குடித்தது வோட்கா இருந்தபோது அல்ல, வோட்கா இருக்கிறது என்று நம்பியபோது. உள்ளே எதுவுமே இல்லாமலும் அப்படித்தான். அதனால் பீர் மாதிரியே நுரைத்து, பீர் மாதிரியே மணக்கும் ஒன்றை, பீர் குடித்த அதே ஆட்களோடு, அதே மேஜையில் வைத்துக் குடிப்பது விட்ட புதிதில் வேண்டாம் என்பேன். சிலருக்கு அது கைகொடுக்கிறது, மறுக்கவில்லை. முதல் தடவையை ஆஃபீஸ் டூரில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது: தினமும் நிறையக் குடிப்பவர் "டூர் வருகிறது, இன்றோடு நிறுத்துகிறேன்" என்று சட்டென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, சித்தப்பிரமைவரை போகலாம், பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

மூன்றாம்வரிசை:

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் வேண்டாம் என்றால் "ஓ, ஏதாவது விசேஷமா?" என்று வயிற்றைப் பார்க்கிறார்கள். குடிக்கிறவள் என்றால் ஒரு பேச்சு, திடீரென்று குடிக்காதவள் என்றால் இன்னொரு பேச்சு. நான் சிரித்துக்கொண்டே "அப்படி இருந்தால் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்லுவேனா" என்று ஒரு தடவை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன், அதற்குப் பிறகு கேள்வி இல்லை.

உங்கள் டூரில் எனக்கு டின்னர் பெரிய விஷயமாகவே தெரியவில்லை, அறைதான் உதைக்கிறது. டின்னரில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது ஒரு வகையில் பாதுகாப்பு. அறையில் ராத்திரி பதினொன்றரைக்கு அவர் பாட்டிலைத் திறந்து "சும்மா ஒண்ணே ஒண்ணு, யாருக்குத் தெரியப்போகுது" என்பார் பாருங்கள், அங்கேதான் யாருக்கும் தெரியாது. ஆகவே இன்றைக்கே அட்மினுக்கு ஒரு மெயில் போடுங்கள். தூக்கப் பிரச்சினை இருக்கிறது, தனி அறை வேண்டும், கூடுதல் செலவு இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இது பொய்யும் இல்லை, விட்ட புதிதில் யாருக்குத்தான் தூக்கம் ஒழுங்காக வருகிறது? கடைசி வாரத்தில் கேட்டால் அறைகள் ஒதுக்கி முடித்திருப்பார்கள்.

தனி அறை கிடைத்தால் அதோடு முடியவில்லை. செக்-இன் செய்வதற்கு முன்பே ஹோட்டலுக்கு போன் போட்டு மினிபாரைக் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள். மருந்து வைக்கக் குளிர்பெட்டி வேண்டும் என்றால் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவார்கள். வரவேற்பு மேஜையில் நின்றுகொண்டு, பின்னால் டீம் மொத்தமும் வரிசையில் நிற்கும்போது கேட்கும் விஷயமில்லை இது.

இன்னொன்று, டீமில் ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லிவையுங்கள். குடிக்காதவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவராக இருந்தால் போதும். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், நன்றாகவே குடிப்பார், ஆனால் யாராவது என் பக்கம் பாட்டிலை நீட்டினால் "அதை இங்க குடு" என்று வாங்கி ஊற்றிக்கொள்வார். அவ்வளவுதான் அவர் செய்வது.

பழையமேலாளர்:

பதவி உயர்வு பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் பல வருஷம் ஆட்களை மதிப்பிடும் இடத்தில் இருந்தவன். எவன் எத்தனை பெக் அடித்தான் என்று ஒருவரும் குறித்துவைப்பதில்லை. நினைவில் நிற்பது இரண்டு: ஆரம்பத்தில் வந்து எல்லாரோடும் நாலு வார்த்தை பேசினானா, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முகம் கழுவித் தெளிவாக வந்து உட்கார்ந்தானா. இரண்டாவதில் நீங்கள் தானாகவே முந்திவிடுவீர்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பாரில் வைத்து "உனக்கு இந்தத் தடவை கண்டிப்பா பண்றேன்" என்று வாக்குக் கொடுக்கும் மேனேஜரை நானும் பார்த்திருக்கிறேன். காலையில் அவருக்கே அது நினைவிருக்காது.

மேனேஜரிடம் சொல்வதா? ஆளைப் பொறுத்தது. நாலு பேருக்குச் சொல்லிவிடுவார் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் சொல்லாதீர்கள். அவருக்கு உங்கள் மருத்துவக் கதை தேவையில்லை, தெரிய வேண்டியது ஒன்றுதான். டூருக்கு முன்னால் தனியாக இருக்கும்போது, நடைபாதையில் நடந்துகொண்டே, "சார், நான் இப்போதெல்லாம் குடிப்பதில்லை, டின்னரில் ஆர்டர் கொடுக்கும்போது எனக்கு விட்டுவிடுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். உட்காரவைத்து ரகசியம் மாதிரி சொன்னால்தான் அவரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வார். பத்துப் பேர் முன்னால் மறுக்கப்படும்போது மேனேஜருக்குத் தன்மானம் வந்துவிடும், முன்கூட்டியே தெரிந்தால் அவரே "அவருக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிடுவார். போன வாரம் நடந்தது இந்த ஒரு வரியிலேயே தவிர்ந்திருக்கும்.

கிளையன்ட் டின்னருக்கு முதல் ஆளாக ஆர்டர் கொடுங்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு "எனக்கு சோடா" என்றால் மேஜை மொத்தமும் திரும்பும், முதலில் சொன்னால் அது வெறும் ஆர்டர். சில சமயம் உங்களுக்குப் பின்னால் இன்னும் ஒருவரோ இருவரோ "எனக்கும் அதுவே" என்பார்கள். 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வளாகத்தில் நடக்கும் குடி தனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் மற்றவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை என்றே சராசரி மாணவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். எல்லாரும் அப்படியே நினைத்தால் யார் வாயைத் திறப்பது? ஆஃபீஸ் மேஜையும் அதே கதைதான், பாதிப் பேர் அடுத்தவனுக்காகக் குடிக்கிறார்கள்.

டோஸ்ட் சொல்லும்போது எழுந்து கிளாஸைத் தூக்கினால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இதைப் படிக்கும் மேனேஜர்களுக்கும் ஒன்று: மேஜைக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் கேட்காமல் ஒருவர் முன்னால் வைக்கும் கிளாஸ் அவருக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது.

தாமரையிலை:

மேலே எல்லாரும் போவதாகவே வைத்துக்கொண்டு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். போகாமல் இருப்பதும் ஒரு வழிதான், அதில் வெட்கம் இல்லை. நான் ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகிறவன், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. அங்கே பழையவர்கள் ஒன்று கேட்பார்கள்: அங்கே போக உனக்கு ஒழுங்கான காரியம் இருக்கிறதா, இல்லை அந்தச் சூழலைக் கொஞ்சம் மோந்து பார்க்கப் போகிறாயா? கிளையன்ட் டின்னர் காரியம், போகலாம். இரண்டாம் நாள் டீம் பார்ட்டி உங்களுக்குக் காரியமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். முகத்தைக் காட்டிவிட்டு ஒன்பது மணிக்கு வந்துவிடலாம்.

ஏ.ஏ. ஆரம்பித்ததே ஒரு ஆஃபீஸ் டூரில்தான், இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். பில் வில்சன் என்ற பங்குச்சந்தை ஆசாமி ஒரு கம்பெனியைக் கைப்பற்றும் வேலையாக அங்கே போயிருந்தார், காரியம் கவிழ்ந்துவிட்டது, கையில் காசும் அதிகம் இல்லை, குடியை விட்டு அரை வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், அதிலிருந்து சிரிப்பும் பேச்சும் வருகிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயங்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்! அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வேண்டாவெறுப்பாக வந்த ஸ்மித் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ.வின் தொடக்க நாளாக வைத்திருக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டூரில் உங்களுக்கும் அந்த லாபி வரும். டின்னரை எல்லாம் அழகாகச் சமாளித்துவிட்டு அறைக்குத் திரும்பும் வழியில் வரும். நிறையப் பேர் தோல்விக்கும் சண்டைக்கும்தான் தயாராகிறார்கள். கிளையன்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார், எல்லாரும் முதுகில் தட்டுகிறார்கள், இரண்டு மணி நேரம் ஒரு சொட்டுத் தொடவில்லை, அந்தச் சந்தோஷத்தில் "இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தோமே, இப்போது ஒன்று போட்டால் என்ன" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், நான் பயப்படுவது அதற்குத்தான். அதனால் போன் பண்ண வேண்டிய ஆளை இப்போதே முடிவு செய்யுங்கள். ஏ.ஏ.வில் வழிகாட்டும் மூத்தவர், ஸ்பான்சர் என்போம், அப்படி ஒருவர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் விஷயம் தெரிந்த ஒருவர், மனைவியாகவும் இருக்கலாம். "பத்தேகாலுக்குக் கூப்பிடுவேன், கூப்பிடாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவையுங்கள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், தேவைப்படும் நேரத்தில் கை போனுக்குப் போகாது. இப்போது ஆன்லைன் கூட்டங்களும் நிறைய நடக்கின்றன, ஹோட்டல் அறையிலிருந்தே சேரலாம், கேமராவைக்கூடப் போட வேண்டியதில்லை.

ஏக்கம் வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ராத்திரிட்யூட்டி மேலே சொன்ன அதே மார்லாட்தான் இதற்கும் ஒரு வழி சொன்னார், ஏக்கத்தை அலை மாதிரி பார்க்கச் சொல்லி. ஏறும், உச்சிக்குப் போகும், நீ ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள். உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, தாடையிலா, கையிலா என்று கவனித்துக்கொண்டே நடங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். நீங்கள் அன்றைக்கு எழுந்து வெளியே போனதும் ஏறக்குறைய அதுதான்.

கணக்கன்:

சரி, நான் சொன்னது இவருக்குப் பொருந்தாது, புரிகிறது. ஒன்று சொல்கிறேன், குடிக்காதவன் என்ற முறையில். என்னை மாதிரி ஆட்கள் ஒவ்வொரு டீமிலும் ஒன்றிரண்டு பேர் மேஜை ஓரத்தில் சோடாவோடு உட்கார்ந்து சாப்பாடு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டோம்.

சாம்பல்குருவி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தனி அறைக்கு மெயில் போட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. மேனேஜரிடம் நடைபாதையில் சொன்னேன், "ஓ அப்படியா, சரி" என்றார், உடனே வேறு ஃபைல் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் ஒரு வாரமாக அதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை விஷயம் டாக்டரிடம் கேட்டேன், ராத்திரிட்யூட்டி சொன்ன முதல் வகைதான். சாஸ், கேக் எல்லாம் அவரும் எச்சரித்தார். பத்தேகால் போனுக்கு மனைவி தயார்.

ஒன்று மட்டும் மிச்சம். இரண்டாம் நாள் பார்ட்டியில் எங்கள் டீம் ஒரு விளையாட்டு ஆடும், தோற்றவர் ஒரு ஷாட் அடிக்க வேண்டும். முகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்றால் ஆரம்பமே அதுதான். அதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது?

நாலாம்மாடி:

ஸ்கோர் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ரவுண்டு ஆரம்பிக்கும் முன்பே பேப்பரும் பேனாவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஸ்கோர் எழுதுகிறவர் ஆட மாட்டார், ஆடாதவர் தோற்க மாட்டார், அத்தோடு இந்தக் கூட்டத்தில் ஒழுங்காகக் கூட்டத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். ஒன்பது மணி ஆனதும் பேப்பரை கணக்கன் மாதிரி ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.